கன்னப்பொறித் தமனியழற்சி

காதின் முன்புறத்தே, கன்னத்தெலும்பு காதைச் சென்று சேருமிடத்தில், விரல் நுனியை மெல்ல வைத்துப் பார்த்தால் ஒரு துடிப்புத் தோன்றும். மணிக்கட்டிலே மருத்துவர் பிடித்துப் பார்க்கும் நாடித் துடிப்பைப் போன்றதே அதுவும். அவ்விடத்தினின்று மேலேறி, நெற்றியின் பக்கமாக ஒரு கிளையும் உச்சியின் பக்கமாக ஒரு கிளையும் விட்டுத் தலைத்தோலுக்கு உதிரம் ஊட்டும் குழாயே கன்னப்பொறித் தமனி எனப்படும். தமனி என்பது இதயத்தினின்று உதிரத்தைக் கொண்டுசெல்லும் குழாய். இதயத்திற்கு மீட்டுக் கொணர்வது சிரை. கன்னப்பொறி எனினும் நெற்றிப்பொட்டு எனினும் ஒன்றே. முதியோர் சிலருக்கு இத்தமனி தோலின்கீழ் நெளிந்து தோன்றுவதை நாம் கண்டிருப்போம். அஃது இயற்கை, நோயன்று. ஆயின் அதே தமனி தடித்து, தொட்டால் நொந்து, முடிவில் துடிப்பும் அடங்கிக் கயிறுபோற் கிடக்குமாயின், அங்கே ஒரு கொடிய பிணி குடிபுகுந்துளது என்று கொள்ளல் வேண்டும். அது தோன்றுவது தலையில். ஆனால் கவர்ந்துசெல்வது கண்ணை.

அழற்சி என்னும் சொல் அழல் என்பதனோடு உறவுடையது. சிவத்தல், வீங்குதல், வெம்மை, நோவு என்னும் நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக உரோம நாட்டுச் செல்சஸ் என்பார் ஏறக்குறைய 2,000 ஆண்டுகட்கு முன்னரே எழுதிவைத்தனர். உடம்பின் ஓரிடத்தில் தீப்பற்றினாற் போன்ற நிலை என்பதை நம் சொல்லும் நன்கு காட்டுகின்றது. இலத்தீன் மொழியிலோ வேறொரு நயம் உண்டு. அம்மொழியில் காலத்தைக் குறிக்கும் சொல்லும் கன்னப்பொறியைக் குறிக்கும் சொல்லும் ஒரே வடிவின. நரை தோன்றிக் காலம் கழிந்ததை உணர்த்தும் இடம் அஃதாதலின் அப்பெயர் பெற்றது என்பர் சிலர்; மொழிநூலார் எல்லாரும் அதற்கு இசையார். அஃது எவ்வாறாயினும், இந்நோய்க்கு அப்பொருத்தம் இருவகையாலும் உண்டு. ஒன்று, இந்நோய் 50 வயதிற்கு உட்பட்டாரை அநேகமாகத் தீண்டுவதில்லை. 70-ஐ ஒட்டியும் கடந்தும் வாழ்வோரையே மிகுதியும் பற்றுகின்றது. அவருள்ளும் ஆடவரினும் பெண்டிரை இரண்டு மூன்று மடங்கு பற்றுகின்றது. மற்றொன்று, இதனைக் கண்டறிவதில் நாளும் நாழிகையும் பெறுமதிப்பு மிகப் பெரிது. அதனை இக்கட்டுரையின் நடுவே விரித்துரைப்பாம்.

தமிழ் பயில்வோர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் கிறீன் என்பார் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். அத்தகைய தொண்டு நடந்த மொழியில் ஒரு நோயைப் பற்றி எழுத நாம் கூச வேண்டுவதில்லை.

இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கரையிலே முதியோர் தலைவலி ஒரு பொருளாகவே எண்ணப்படுவதில்லை. துறைமுகத்துச் சரக்கு வண்டிகள் எழுப்பும் புழுதி, ஆலைகளின் புகை, கரையோரத்து வெயில், இருள் நீங்குமுன் மீன் ஏலத்திற்கு எழுந்தோடும் வழக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தலைவலிக்குக் காரணமாகக் கூறி அமைதி கொள்வர். சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவர்; அமிர்தாஞ்சனம் தடவுவர்; அதற்கும் அடங்காவிடின் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவர். இவை யாவும் பெரும்பாலான தலைவலிக்குப் போதியனவே. குறை கூறுதற்கில்லை. ஆனால் நூறு தலைவலியினூடே கலந்து வரும் இவ்வொன்றை அவற்றினின்று பிரித்தறிய வேண்டும்.

பிரித்தறியும் வழியை விளக்கும் பொருட்டு, காசிமேட்டில் மீன் விற்று வாழ்ந்த 72 வயது முதியவள் ஒருத்தியைக் கற்பித்துக்கொள்வோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளை ஆயா என்றே கூறுவோம். ஆயாவிற்கு இதற்கு முன் தலைவலி என்பதே பழக்கமில்லை. ஒரு மாதமாய் வலப்பக்கத்துப் பொட்டில் ஓயாத நோவு. இரவில் அப்பக்கம் தலையணையில் படுத்தால் பொறுக்கவில்லை. தலைவாரச் சீப்பை எடுத்தால் மயிர்க்கால்தோறும் நோகின்றது. முன்னெல்லாம் நிறைகூடையைத் தாங்கிய தலை இன்று வெறுஞ் சும்மாட்டையும் தாங்கமாட்டாது என்கின்றாள். வீட்டார், "ஆயா, வயசாச்சு, இனிமே கூடை தூக்காதே" என்று அன்போடு சொல்லிவிட்டு அமைகின்றனர். சும்மாடு வைக்க முடியாமை முதுமையினாலன்று, நோயினால் என்பது அவர்கட்குத் தெரியவில்லை.

இங்கே இலண்டன் மாநகரத்து முதியவர் ஒருவரை ஆயாவின் பக்கத்தில் நிறுத்தல் தகும். 1890-ஆம் ஆண்டில் ஜோனதன் ஹட்சின்சன் என்னும் அறுவை மருத்துவர் 80 வயது கடந்த ஒருவரைப் பற்றி எழுதினார். அவர் தலையின் இருபுறத்தும் சிவந்த கோடுகள் தோன்றி நோவு தந்தமையால் தொப்பி அணிய இயலாது வருந்தினார். மருத்துவர் தொட்டுப் பார்த்தபோது அக்கோடுகள் வீங்கிய கன்னப்பொறித் தமனிகளே எனக் கண்டார். முதலில் மெலிந்த துடிப்பு இருந்தது; பின்னர் அதுவும் ஒழிந்தது. இலண்டனில் தொப்பி, காசிமேட்டில் சும்மாடு, நோய் ஒன்றே. பாக்தாது நகரத்து அலி இப்னு ஈசா என்னும் கண்மருத்துவர், ஏறக்குறைய 1,000 ஆண்டுகட்கு முன் கண்மருத்துவர்க்கென எழுதிய நூலில், பொட்டின் தமனிகளையும் கண்ணின் நோயையும் இணைத்துப் பேசியிருத்தலால் அவரையும் இந்நோய் வரலாற்றின் தொடக்கத்தில் வைப்பாருளர். அவர் கண்டது இந்நோயேதான் என்று அறுதியிட்டுக் கூறுதல் கூடாது. ஆனால் பொட்டிற்கும் பார்வைக்கும் தொடர்புண்டு என்று எண்ணிய பெருமை அவர்க்குரியதே.

ஆயாவின் கதையைத் தொடர்வோம். தலைநோவு தோன்றிய சில நாளிற்கெல்லாம் வெற்றிலை மெல்லுவது அவளுக்கு அரிதாயிற்று. முதல் இரண்டு மூன்று கடி எளிதாகவே செல்லும். பின்னர்த் தாடை கடுத்து வலிக்கும்; மெல்லுவதை நிறுத்திச் சற்றே இருந்தால் வலி தணியும்; மீண்டும் மென்றால் மீண்டும் வரும். பல்லில் குறை என்று பிறர் எண்ணுவது இயல்பு. பல்நோவோ, வாயைத் திறந்தவுடனோ சூடும் குளிரும் பட்டவுடனோ தோன்றும். இது மெல்ல மெல்ல ஏறி, ஓய்ந்தால் தணிவது. காரணம் யாதெனின், உழைக்கும் தசைக்கு மிகுதியான உதிரம் வேண்டும்; தாடைத்தசைக்கு உதிரம் தரும் தமனி சுருங்கிவிட்டமையால் அவ்வேளையில் வேண்டிய அளவு வாராது; தசை முறையிடுகின்றது. மருத்துவர் இதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயர் 'நொண்டுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிற் பிறந்தது. கால் தமனி சுருங்கியவர் சிறிது தொலைவு நடந்தபின் நொண்டுவதைக் குறிக்க முதலில் எழுந்த சொல் அது. அதனையே தாடைக்கும் ஏற்றினர். நாம் 'தாடை நொண்டல்' எனலாம். சொல் சிறிது வேடிக்கையாய் ஒலிக்கினும், தலைவலியோடு சேர்ந்து வரும் குறிகளுள் இந்நோயை மிக உறுதியாய்ச் சுட்டுவது இதுவே. முறுக்கும் கருவாடும் இறைச்சியும் உண்ணும்போது முதியோர் இடையிடையே நிறுத்துவராயின், பல்லை மட்டும் பார்த்து அமையலாகாது. தலைநோவு உண்டா என்றும் வினவல் வேண்டும்.

இவற்றோடு உடல் இளைத்தல், பசியின்மை, மாலைதோறும் சிறுகாய்ச்சல், சோர்வு ஆகியன கூடும். காலையில் எழுந்தவுடன் இரு தோள்களும் இடுப்பும் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்திக் கூந்தலை முடியவும் இயலாதபடி ஒரு மணிநேரம் வரை விறைத்திருத்தலும் பலர்க்கு உண்டு. இந்நோயுடையோரில் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு இது காணப்படுகின்றது. பெல்ஜிய நாட்டுப் புரூஜ் நகரில் யான் வான் ஐக் என்னும் ஓவியர் 1436-இல் எழுதி முடித்த படமொன்றுண்டு. அதில் கன்னிமரியாளின் முன் முழந்தாளிட்டிருக்கும் முதிய குருவானவரது பொட்டில் தமனிகள் புடைத்திருத்தல் கண்கூடு. மருத்துவர் சிலர் அவர்க்கு இந்நோயே இருந்ததென்று எழுதியுள்ளனர். ஓவியத்தைக் கொண்டு நோய் துணிதல் இனிய பொழுதுபோக்கு என்பதற்கு மேல் யான் மதிப்பதில்லை. ஆயினும் அவ்வோவியரின் கண் மருத்துவர் கண்ணினும் கூரியது என்பதில் ஐயமில்லை.

இனி, தமனியின் உள்ளே நிகழ்வது யாது? தமனியின் சுவர் மூன்று படலங்களால் ஆயது. உள்ளே மெல்லிய அகப்படலம், நடுவே தசைப்படலம், வெளியே உறைபோன்ற புறப்படலம். அகப்படலத்திற்கும் தசைப்படலத்திற்கும் இடையே, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் இயல்புள்ள மீள்தகடு ஒன்றுளது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் தம் தமனிச் சுவரையே பகையென மயங்கி அதனுட் புகுகின்றன. அவை அங்கே திரண்டு, பல ஒன்றாய்க் கூடி, பல கருக்களையுடைய பெரிய அணுக்களாகின்றன. ஆதலால் இந்நோய்க்குப் 'பேரணுத் தமனியழற்சி' என்றும் பெயர். மீள்தகடு சிதைகின்றது, அகப்படலம் தடித்து வளர்கின்றது, உதிரம் ஓடும் துளை நாள்தோறும் குறுகுகின்றது. உப்புப் படிந்து அடைபட்ட தண்ணீர்க்குழாயை வடசென்னையில் காணாதார் இலர். அவ்வுவமை முற்றும் பொருந்தாது. குழாயில் வெளியிலிருந்து வந்த உப்புப் படிகின்றது; தமனியிலோ சுவரே வீங்கி வழியை மறைக்கின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில், படிந்த உப்பைச் சுரண்டியே எடுக்கவேண்டும். வீங்கிய சுவரையோ, அழலைத் தணித்தால் அடக்கலாம்.

பொட்டின் தமனி அடைபட்டால் தலைத்தோல் பெரும்பாலும் கேடுறுவதில்லை. வேறு கிளைகள் உதவிக்கு வரும். அச்சம் அங்கில்லை. இந்நோய் பொட்டோடு நிற்பதன்று என்பதே அச்சம். கழுத்தின் உட்புறமாக ஏறும் பெருந்தமனியினின்று கண்தமனி பிரிகின்றது. அதனினின்று மயிரிழை போன்ற குறுந்தமனிகள் விழியின் பின்புறம் சென்று, பார்வை நரம்பு விழியோடு கூடும் தலைப்பை ஊட்டுகின்றன. அக்குறுந்தமனிகட்கு வரும் உதிரம் தடைப்படின் நரம்பின் தலைப்புப் பட்டுப்போகின்றது. கண்ணில் நோவில்லை, சிவப்பில்லை, நீர் வடிதலில்லை. காலையில் விழித்தெழுந்தபோது ஒரு கண் இருண்டிருக்கும், அவ்வளவே. மருத்துவர் ஒளிக்கருவியால் விழியினுள் நோக்கினால் நரம்பின் தலைப்புச் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்து வீங்கியிருக்கக் காண்பர். மண்டையோட்டின் உள்ளே செல்லும் தமனிகளின் சுவரில் மீள்நார் மிகக் குறைந்துவிடுதலின், மூளைத் தமனிகளை இந்நோய் பெரும்பாலும் தொடுவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

சிலர்க்கு முழுதும் இருளுமுன் முன்னறிவிப்பு உண்டு. சில நிமிடம் ஒரு கண்ணின் முன் திரை இறங்கினாற்போல மறைந்து மீண்டும் தெளியும். அல்லது பொருள் இரண்டாய்த் தோன்றும். வெயிலில் நின்றமையாலென்றும், கண்ணாடி பழையதாயிற்றென்றும் இதற்கு எளிதிற் காரணம் கற்பிக்கப்படும். கண்ணாடிக் கடைக்குச் செல்லும் அவ்வொரு வாரத்திலேயே கண் போய்விடுதல் கூடும். மருத்துவ அறிக்கைகளின்படி இந்நோயுடையோரில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரை நிலையான பார்வைக்கேடு அடைகின்றனர். ஒரு கண் போனபின் மருந்தின்றி விட்டால் மறுகண்ணும் பலர்க்குச் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ செல்லும்.

திருவொற்றியூரைப் பற்றிப் பேசும்போது சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு நினைவிற்கு வாராதிராது. சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று சூளுரைத்து, அச்சூள் பிழைத்து அவ்வூரெல்லையைக் கடந்த அளவில் அவர் இரு கண்ணும் ஒருங்கே ஒளியிழந்தன என்றும், காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார் என்றும் பெரியபுராணம் கூறும். இந்நோயோ நேர்மாறாய் ஒழுகுகின்றது. ஒருங்கே கொள்ளாது ஒன்றன்பின் ஒன்றாகக் கொள்ளும். கொண்டதை எந்த ஊரிலும் திருப்பித் தாராது. பட்டுப்போன பார்வை நரம்பை மீண்டும் தளிர்ப்பிக்க மருத்துவம் இன்றுவரை வழி கண்டிலது. ஆகவே மருத்துவர்க்கு உரிய இடம், முதற்கண் இருளுமுன் உள்ள நாட்கள். அது தவறினால், முதற்கண்ணிற்கும் மறுகண்ணிற்கும் இடைப்பட்ட சில நாட்கள்.

நோயைத் துணியும் வழிகளை இனிக் காண்போம். முதலில் வயதும் குறிகளும். 50 வயது கடந்தவர்க்குப் புதிதாய்த் தோன்றிய தலைவலி என்பதே முதல் வாயில். இளமை தொட்டு வந்துபோகும் ஒற்றைத் தலைவலி இதனோடு சேராது. அடுத்து, மருத்துவர் தம் விரலால் இருபுறத்துப் பொட்டையும் தொட்டுத் தமனி தடித்துளதா, நோகின்றதா, துடிப்பு உளதா என்று பார்த்தல். இதற்குக் கருவி வேண்டா, காசும் வேண்டா. ஆயினும் பலவிடத்தும் விடுபட்டுப்போவது இதுவே.

பின்னர் உதிரப் பரிசோதனை. உதிரத்தை உறையாவண்ணம் ஒரு நெடிய கண்ணாடிக் குழலில் நிறுத்திவைத்தால், செவ்வணுக்கள் மெல்லக் கீழே படியும். ஒரு மணிநேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் படிகின்றன என்பதே கணக்கு. உடம்பில் அழற்சி இருப்பின் உதிரத்தில் சில புரதங்கள் பெருகும். அவற்றால் செவ்வணுக்கள் அடுக்கிவைத்த நாணயங்கள் போல் ஒன்றோடொன்று ஒட்டி, கனமுற்று விரைந்து படியும். இந்நோயில் அவ்வளவு பெரும்பாலும் 50-ஐக் கடக்கும். 100-ஐ எட்டுதலும் உண்டு. முதுமையில் அவ்வளவு இயல்பாகவே சிறிது உயருமாதலின், ஆடவர்க்கு வயதிற் பாதியும், பெண்டிர்க்கு வயதோடு 10 கூட்டிப் பாதியும் மேல்வரம்பாகக் கொள்வது ஒரு வழக்கம். ஆயாவிற்கு அக்கணக்கின்படி 41. சி-எதிர்வினைப் புரதம் என்னும் மற்றொரு பரிசோதனையும் உடன் செய்வர்.

ஈண்டு நம் நாட்டிற்குரிய சிக்கலொன்றுளது. காசநோய், இரத்தசோகை, ஆறாப் புண், சிறுநீர்த் தொற்று ஆகிய எதிலும் இவ்வளவு உயரும். நெருங்கிய குடியிருப்புகளில் இவை அரியனவல்ல. ஆதலின் 80 என்று அறிக்கை வந்தவுடன் மருத்துவர் நெஞ்சைப் படமெடுத்துக் காசநோயைத் தேடுதல் இயல்பு, தேடவும் வேண்டும். ஆனால் அத்தேடலிலே பொட்டு மறக்கப்படுதல் கூடாது. மறுபுறம், சிறுபான்மையோர்க்கு இந்நோயிருந்தும் அளவு உயராதிருத்தலும் உண்டு. எண் ஒரு சான்று, தீர்ப்பன்று.

கண் திடீரென மங்கிய முதியோர் அனைவர்க்கும் இந்நோயே என்று கொள்வதும் பிழை. நீரிழிவும் உதிரக்கொதிப்பும் உடையோர்க்கு அழற்சியின்றியே பார்வை நரம்பிற்கு உதிரம் குன்றுதல் இதனினும் மிகுதியாய் நிகழ்வது. அவர்க்குத் தலைநோவும் தாடை நொண்டலும் இரா, உதிர அளவும் உயராது. கண்ணீரழுத்த நோயில் கண் சிவந்து கடுமையாய் வலிக்கும். நெற்றியில் அக்கி எழுமுன்னரும் ஒருபுறத்து நோவு தோன்றலாம்.

முடிந்த சான்று தமனியின் ஒரு துண்டே. மரக்கச் செய்யும் ஊசி போட்டு, காதின் முன்னே சிறிது கீறி, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம் தமனியை வெட்டியெடுத்து நுண்பெருக்கியில் ஆராய்வர். நீளம் வேண்டுவதன் காரணம், இந்நோய் தமனி முழுதும் பரவாமல் இடைவிட்டு இடைவிட்டுப் பற்றுவதே. சிறுதுண்டில் நோயில்லாப் பகுதி மட்டும் அகப்படின் ஏமாற நேரும். 1997-இல் ஜெர்மானிய மருத்துவராகிய ஷ்மிட் முதலியோர், செவிக்கெட்டா ஒலியலைப் படத்தில் வீங்கிய தமனிச் சுவர் பரிவேடம் போலக் கருவளையமாய்த் தோன்றுவதை எடுத்துக்காட்டினர். இன்று பயின்றோர் கையில் அப்பரிசோதனை வெட்டுதலுக்கு ஈடாகவே மதிக்கப்படுகின்றது. 2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவச் சங்கத்தார் வகுத்த புள்ளிமுறையிலும், வெட்டுத்துண்டிற்கோ பரிவேடத்திற்கோ 5 புள்ளியும், உதிர அளவு உயர்விற்கும் திடீர்ப் பார்வையிழப்பிற்கும் தனித்தனி 3 புள்ளியும், தாடை நொண்டல், தலைத்தோல் நோவு முதலியவற்றிற்குத் தனித்தனி 2 புள்ளியும் கொடுத்து, 6 புள்ளி எய்தினால் இந்நோய் எனக் கொள்கின்றனர். அது ஆராய்ச்சியில் நோயாளரை வகைப்படுத்த எழுந்த முறை. படுக்கையருகே நிற்கும் மருத்துவரின் அறிவிற்கு மாற்றன்று.

இவ்விடத்திலேதான் நாம் முன்னர்க் குறித்த காலத்தின் பெருமை வெளிப்படுகின்றது. நோயை நாடி, அதன் முதலை நாடி, தணிக்கும் வழியை நாடிப் பின் செய்க என்பது வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வகுத்த முறை. தமனித் துண்டை வெட்டி, பதமாக்கி, சாயமேற்றி, அறிக்கை வரப் பல நாட்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் முறை பிழையாது, கண் பிழைக்காது. ஆதலால் இந்நோயில், ஐயம் வலுத்தவுடனேயே மருந்தைத் தொடங்கிவிட்டு, துணிதற்குரிய பரிசோதனையைப் பின்னர்ச் செய்வதே விதியாக ஏற்கப்பட்டுளது. இது வள்ளுவர்க்கு மாறோ எனின், அன்று. அதே அதிகாரத்தில், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் எண்ணுவதோடு காலத்தையும் எண்ணுக என்று அவர் கூறியுள்ளார். மருந்து தொடங்கி ஓரிரு வாரம் வரையும் தமனியில் நோயின் சுவடு அழியாதிருக்கும். ஆகவே முன்னர் மருந்து, பின்னர்ச் சான்று என்பதால் சான்றும் கெடுவதில்லை. நாட்கணக்கில் பிந்துவது சான்றிற்குத் தீங்கில்லை, கண்ணிற்குத் தீங்கு என்னும் இவ்வேறுபாட்டை உணர்ந்தால் இந்நோயின் நுட்பம் முழுதும் உணர்ந்தவாறாம்.

அம்மருந்தின் வரலாறு சுருக்கமாய்க் கூறத்தக்கது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹார்ட்டன் முதலியோர் 1932-இல் இருவர்க்குத் தமனித் துண்டை ஆராய்ந்து இதனைத் தனிநோயென நிலைநாட்டினர். அதே மருத்துவமனையில் 1948-இல் ஹென்ச் என்பார் கார்ட்டிசோன் என்னும் சுரப்பை மூட்டுவாத நோயாளி ஒருவர்க்கு முதன்முதல் அளித்தார். அதன்பொருட்டு 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன் என்பாரோடு நோபல் பரிசும் பெற்றார். பின்னர் அவ்வினத்து மருந்து இவ்வழற்சியையும் அடக்குதல் தெரிந்தது. இன்று வழங்குவது பிரெட்னிசோலோன் மாத்திரை. நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை. பார்வை மங்கத் தொடங்கியிருப்பின் அவ்வினத்து மருந்தையே மிகுந்த அளவில் சிரைவழி ஏற்றுவர். இரண்டு மூன்று நாளில் தலைநோவு விட்டுப்போதல் நோயாளி வியக்கும் காட்சி.

ஐரோப்பாவின் வடபகுதியாரிடத்து இந்நோய் மிகுதி. 50 கடந்தோரில் ஒரு லட்சத்திற்கு ஆண்டுதோறும் 20 பேர் அளவில் புதிதாய்க் காணப்படுகின்றனர். நம் நாட்டிலோ மிக அரிதென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. மும்பையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் நோயாளர் சிலரைப் பற்றிய அறிக்கைகள் வெளிவந்தபின், 2015-இல் சண்டிகர் மருத்துவர்கள் தம்மிடம் வந்தோரையும் அதுவரை இந்தியாவில் அச்சேறிய பிறரையும் ஒருங்கு தொகுத்து எழுதினர். அரிதென்பது உண்மையே. ஆயினும் அரிது என்னும் எண்ணமே மேலும் அரிதாக்கும். நினையாத நோய் கண்முன் நின்றும் காணப்படாது.

இதன் தங்கையெனத்தக்க நோயோ நம் நாட்டில் நன்கு அறியப்பட்டது. சப்பானியக் கண்மருத்துவர் தகயாசு 1908-இல், 21 வயதுப் பெண்ணொருத்தியின் விழியுள் உதிரக்குழாய்கள் விந்தையாய்ப் பின்னியிருத்தலை எழுதினார். அவர் பெயராலேயே வழங்கும் அந்நோய் பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் இளம் பெண்டிர்க்கே பெரும்பாலும் பற்றுவது. மணிக்கட்டில் நாடி அடங்கிவிடுதலும், இரு கைகளிலும் உதிரவழுத்தம் வேறுபடுதலும் அதன் குறிகள். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவமனையில் அந்நோயாளர் பலர் மருத்துவம் பெறுகின்றனர். அந்நோயின் கடுமையை அளக்க இந்திய மருத்துவர் வகுத்து 'ஐட்டாஸ் 2010' எனப் பெயரிட்ட அளவுகோலில் அம்மருத்துவமனையார்க்கும் பெரும்பங்குண்டு. இரு நோயிலும் தமனியில் நிகழும் அழிவு பெரிதும் ஒத்தது. தங்கையை இங்ஙனம் நன்கறிந்த நாடு தமக்கையையும் அறிதல் அரிதன்று.

ஆயாவை எங்கே அழைத்துச் செல்வது? வடசென்னையார்க்கு அண்மையிலுள்ளது, முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்கும் ஸ்டான்லி மருத்துவமனை. 18-ஆம் நூற்றாண்டின் பஞ்சகாலத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்த மணியகாரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்தமையால் அப்பெயர். 1938-இல் அது மருத்துவக் கல்லூரியும் ஆயிற்று. கண்ணிற்கெனத் தனியே நாடுவோர்க்கு, 1819-இல் தொடங்கிய பழம்பெருமையுடைய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் உள்ளது. செல்வோர், "தலை வலிக்கிறது" என்று மட்டும் கூறாமல், எத்தனை நாளாய், சும்மாடு தாங்குகின்றதா, வெற்றிலை மெல்ல முடிகின்றதா, பார்வை ஒருகணமேனும் மறைந்ததா என்னும் நான்கையும் கூறுவராயின் மருத்துவர் வேலையிற் பாதி முடிந்தது.

மருந்து உயிர்ப்புள்ளதாதலின் தீங்கும் உடையது. சருக்கரையை ஏற்றும், எலும்பை நலிவிக்கும், அடங்கிக் கிடந்த காசநோயைத் தட்டியெழுப்பும். ஆதலின் தொடங்கும்போதே நெஞ்சையும் சருக்கரையையும் பார்த்துக்கொள்வர்; எலும்பிற்குச் சுண்ணாம்புச் சத்தும் டி வைட்டமினும் சேர்ப்பர். மூட்டுநோவிற்கென இதே இனத்து மாத்திரைகளை மருத்துவச் சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவோர் உளர். அவர்க்கு இந்நோய் வரின், குறிகள் அரைகுறையாய் அடங்கி, உதிர அளவும் தாழ்ந்து, மருத்துவரை மயக்கும். உள்ளே அழல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும். விழுங்கிய மாத்திரையின் பெயரை மறையாது கூறல் வேண்டும்.

நோவு நீங்கியவுடன் மருந்தை நிறுத்திவிடுதல் மற்றொரு பெருந்தவறு. மாதந்தோறும் சிறிது சிறிதாய்க் குறைத்து, ஓராண்டோ இரண்டாண்டோ அதற்கு மேலுமோ தொடரவேண்டிய மருந்து இது. நெடுநாள் உண்டதைத் திடீரென விடின் உடம்பு தன் சுரப்பைத் தானே சுரக்கமாட்டாது தளரும். மருந்தின் அளவைக் குறைத்தற்கு உதவும் டோசிலிசுமாப் என்னும் ஊசிமருந்து 2017-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென ஒப்புதல் பெற்றது. அதன் விலை எளியோர்க்கு எட்டுவதன்று. பிரெட்னிசோலோனோ எளியவிலைச் சரக்கு. குறைக்கும் காலத்தில் தலைநோவோ தாடை நொண்டலோ மீண்டும் தலைகாட்டின் அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். பெருந்தமனி பல ஆண்டிற்குப் பின் வீங்குதலும் சிலர்க்கு உண்டாதலின், மாத்திரை முற்றும் நின்றபின்னும் மார்பின் படமும் இரு கைகளின் உதிரவழுத்தமும் இடையிடையே பார்க்கப்படுகின்றன.